நாற்பத்தேழு வரை

பதினோராவது காட்சியில்தான், ஸ்பீக்கரில் ஒலித்த தன் மகளின் குரலில் அந்த மெல்லிய சீழ்க்கையைக் கவனித்தார் ஒலிப்பதிவாளர். காலையிலிருந்து கால் கடுக்க நின்றவருக்கு அலுப்புத்தான் வந்தது. இன்னொரு ஸ்பீக்கரும் கிழிந்து தொலைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அணுகுண்டு விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடம், கண்காட்சியே அவ்வளவுதான். பெயின்ட் வாசனை இன்னும் போகாத வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, மங்கிய வெளிச்சத்தில், இருபத்திரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு வீடு கேட்கும்: வாளியில் தண்ணீர் விழுவது, பாத்திரம் நகர்வது, மின்விசிறியின் கிறீச், கண்ணாமூச்சிக்காக ஒரு சிறுமி ஐம்பது வரை எண்ணுவது. நாற்பத்தேழில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். பிறகு நிசப்தம். ஊரார் வீட்டில் மைக் வைக்க அலையச் சோம்பல்பட்டு, மூன்று மாதம் முன்பு தன் வீட்டையே பதிவு செய்து கொடுத்திருந்தார்.

"ஒரு நாளைக்கு முப்பது தடவ எங்களச் சாகடிக்கிறீங்க, எப்படித்தான் சோறு இறங்குதோ" என்பாள் மனைவி.

பன்னிரண்டாவது காட்சியில் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துப் பார்த்தார். எதுவும் கிழியவில்லை. எல்லாவற்றிலும் அதே சீழ்க்கை. பல் விழுந்த சந்தில் காற்று போகும் சத்தம். மகளுக்கு முன்பல் விழுந்தது இன்று காலையில். காகிதத்தில் மடித்த அந்தப் பல் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

மின்விசிறியும் கிறீச்சிடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு எண்ணெய் விட்டிருந்தார்.

பார்வையாளர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அதற்குள் அடுத்த காட்சி தானாகவே ஓடத் தொடங்கியிருந்தது. போனை எடுத்த மனைவிக்குப் பின்னால் மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு. கண்காட்சிக் கூடத்திலும் பதினாறு. பதினேழு. இரண்டும் ஒரே மூச்சில்.

"அவள எண்ணுறத நிறுத்தச் சொல்லு."

"சொன்னா கேட்டுடுவாளாக்கும். செவுத்துல மூஞ்சிய வெச்சா அம்பது வரைக்கும் அசைய மாட்டா உங்க மக."

ஓடினார். மெயின் சுவிட்ச் மறுகோடியில். முப்பத்தெட்டு. கேபிள் தடுக்கியது. நாற்பத்திரண்டு. சுவிட்சைப் பிடித்து இழுத்தார்.

இருட்டு. ஸ்பீக்கர்கள் வாயடைத்துப்போயின. நிம்மதியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். காதில் போன் மட்டும். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.

"என்னங்க," என்றாள் மனைவி, "ஜன்னல்ல என்ன இவ்வளவு வெளிச்சம்?"

நாற்பத்தேழு.

அப்புறம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மனைவியைக் கூப்பிட்டார். மகளைக் கூப்பிட்டார். அழைப்பு துண்டிக்கப்படவில்லை, திரையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

மின்சாரமில்லாத இருபத்திரண்டு ஸ்பீக்கர்களிலும் சீழ்க்கை.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தார். எதிரே வெள்ளைச் சுவரில், குண்டு வெளிச்சம் சுட்டுப் பதித்ததுபோல், மகளின் உயரத்துக்கு ஒரு நிழல். முகத்தைச் சுவரில் புதைத்து, கண்களைப் பொத்திக்கொண்டு.

"அம்பது. வரட்டுமாப்பா?"

நிழல் கைகளை எடுத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பியது.