பொருந்தியது ஒன்று

அனுப்பியவர் முத்தழகு என்று அடித்துத் தட்டியதும் திரையில் அவன் மெயில்கள் மட்டும் நின்றன. அதே நொடியில் தெருச் சத்தம் அறுந்தது. உச்சி வேளையில், காரைக்குடியில், டவுன் பஸ் ஹாரன் ஓய்கிற தெரு எது? துர்காதேவி காதைத் தேய்த்துவிட்டாள். ராத்திரி தூங்காத காது அப்படித்தான் இருக்கும்.

பழைய வீடுகளைப் பிரித்து வாசல் நிலை, தூண், உத்தரம் விற்கிற கடை அது. அவள் மெயில் பார்க்கிறவள். புருசன் முத்தழகு வீடு பிரிக்கிறவன். இன்னொரு பழைய வீடு பிரிக்கப் போகிறேன் என்று முந்தாநாள் கிளம்பியவன் திரும்பவில்லை, போனும் அணைந்து கிடக்கிறது. எந்த ஊர் என்று தெரிந்த முதலாளி விமானத்தில் போய்க்கொண்டிருக்கிறார். ஆனால் பிரிக்கிற இடத்திலிருந்து சாமான் விவரத்தை முத்தழகு கடைக்கு மெயிலில் அனுப்புவான். அதில் ஊர் இருக்கும்.

கடையின் மெயில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும், மவுஸுக்கு வேலை கிடையாது. எடுத்த எடுப்பில் மெயிலின் வயிற்றுக்குள் சொல்லைத் தேடினால் அத்தனை வருச மெயிலையும் பிரித்துப் பார்த்து முடிக்கச் சாயங்காலமாகிவிடும். அதனால் முதலில் ஆள், பிறகு தேதி, கடைசியில் சொல். குறுக்கக் குறுக்க மற்றவை மறையும், அழியாது. 'எல்லாம்' என்று அடித்தால் திரும்பி வந்துவிடும். தினமும் செய்கிற வேலைதான்.

வெளிவாசலில் தேக்கு நிலையிலிருந்து துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த மாயக்கண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, புருசனைப் பொட்டிக்குள்ளயா தேடுற? பொழுது சாய பிரியாணிப் பொட்டலத்தோட வந்து நிப்பான் பாரு."

"அங்குட்டுப் போங்கண்ணே. ரெண்டு நாளாச்சு."

"எனக்கு ஒண்ணுதான் கவலை. நிலையைப் பேக்குறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு, 'உள்ள இருக்குறவுக வெளிய வந்துருங்க'ன்னு கூப்புடணும். சொன்னா சிரிப்பான் ஒம் புருசன். இந்தத் தரமும் கூப்புடாம பேத்து…"

அவள் தேதியைப் போட்டுத் தட்டினாள். பேச்சு பாதியில் நின்றது.

திரும்பினாள். நிலை கிடந்தது. அதில் பாதி பிடுங்கிய ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. மாயக்கண்ணன் இல்லை. அவர் பீடி நாற்றம் இல்லை. பின்கட்டில் தூண் இழைக்கிற சத்தமும், உத்தரத்தில் முனகுகிற புறாக்களும், கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஒரு குரலும் இல்லை.

"அண்ணே?"

'எல்லாம்' என்று அடிக்க விரல் போனது. திரையைப் பார்த்தாள். சில மெயில்கள்தான் மிச்சம். இன்னும் ஒரே ஒரு சொல். புருசனைக் கண்டுபிடித்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துக்கொள்ளலாம். 'வீடு' என்று அடித்தாள்.

பொருந்தியது ஒன்று.

இன்றைய தேதி. படிக்காதது.

"துர்கா, நிலையைப் பேத்ததும் வாசல் மூடிக்கிச்சு. எந்த ஊருன்னு கேக்காத, இங்க ஊரே இல்ல, வீடு மட்டுந்தான். எனக்கு முன்னாடியே ஆளுக இருக்காக. யாரும் வெளிய கூப்புடாததால உள்ளயே நின்னுபோனவுக. என்னையத் தேடாத. தேடத் தேட நீயும் இங்குட்டு வந்துருவ."

'எல்லாம்' என்று அடித்தாள். திரை இமைத்தது.

பொருந்தியது ஒன்று.

மறுபடி அடித்தாள். பொருந்தியது ஒன்று.

ஈரச் சுண்ணாம்பு வாடை. அதோடு, பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சில் கலக்கிற முட்டை வெள்ளைக்கரு வாடை. கழுத்தைத் திருப்ப மனமில்லை. திருப்பினாள்.

வாசல் இல்லை. சன்னல் இல்லை. நாலு பக்கமும் சுவர், இப்போதுதான் பூசியது போல. திரை வெளிச்சம் அதில் வழுக்கியது.

"ஏங்க…"

எதிர்ச் சுவர் புடைத்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு உள்ளங்கை பதிந்து வந்தது. அகலக் கை. காய்ப்புக் காய்த்த கை. அவளுக்குத் தெரிந்த கை.

ஓடிப்போய்த் தன் கையை அதன்மேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சுண்ணாம்புக்குள்ளிருந்து விரல்கள் மெல்ல மடங்கி அவள் விரல்களைக் கோத்துக்கொண்டன.

பக்கத்தில் இன்னொரு கை புடைத்தது. மெலிந்தது. மணிக்கட்டில் வளையல் தடம். அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு பிள்ளையின் கை.

பிறகு நாலு சுவரிலும்.

அவள் கையை இழுத்தாள். பிடித்த கை விடவில்லை.