அறுபத்தோராம் பக்கம்

அலறியது அவளுடைய செல்போன்.

மீன் கிடங்கின் வாட்ச்மேன்!

"அம்மா... முதலாளி ஐஸ் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டார். கதவு தொறக்கல, சாவியும் அவர்கிட்டதான் இருக்கு. உள்ளேருந்து தட்டுறார்... சத்தம் கொறஞ்சுக்கிட்டே வருது."

கணவரைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது. உள்ளே உறைந்த குளிர் உடனே போகுமா? தீயணைப்பு வண்டியோ ஊரின் மறுகோடியில்.

பூட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். எல்லா விவரமும் வெப்சைட்டில் பி.டி.எஃப். ஆக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேன் குரலில் சொல்லிவிட்டு வைத்தாள் ஒருத்தி. நன்றாக இருப்பாள்!

செல்போனில் ஃபைல் திறக்கவில்லை. வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏறுங்க அண்ணி," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான் கொழுந்தன்.

தெருமுனை பிரவுசிங் சென்டர். கடைக்காரர் டவுன்லோட் கொடுத்தார். அந்த ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். அவசரத்தில் யார் அதை யோசித்தார்கள்?

"முழுசா பிரிண்ட் போடுங்க," என்றான் கொழுந்தன். "எந்தப் பக்கம் தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?"

பிரிண்டர் முனகியது. அட்டைப்படம் வந்தது. வாங்கியதற்கு நன்றி வந்தது. வாரன்டி வந்தது, ஆறு மொழிகளில்!

அவள் மேஜையில் முட்டிக்கொண்டு அழுதாள். பதறாத காரியம் சிதறாது என்று ஆறுதல் சொன்னான் கொழுந்தன்.

போனில் வாட்ச்மேன்: "அம்மா... தட்டுற சத்தம் நின்னுடுச்சு."

கடைக்காரர் பிரிண்ட்டை நிறுத்தினார். திரையிலேயே பார்த்துவிடலாம் என்று ஃபைலைத் திறந்தார்.

முதல் பக்கம் வரவில்லை. நேராக அறுபத்தோராம் பக்கம்!

'உள்ளிருந்து திறக்கும் வசதியை முடக்குவது எப்படி?'

அதன் அடியிலேயே, முடக்கியதை நீக்கி வெளியிலிருந்தே திறக்கும் வழியும் இருந்தது. அவள் போனில் கத்தினாள்.

"பூட்டுக்கு அடியில நீலப் பட்டன்! விடாம அழுத்துங்க!"

போனில் வாட்ச்மேன் ஓடும் சத்தம்...

டக்!

"தொறந்துடுச்சும்மா... மூச்சு இருக்கு!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்புறம்தான் உறைத்தது.

"ஏன் அந்தப் பக்கத்துல தொறந்துச்சு?"

"கடைசியா பார்த்த பக்கத்துலதான் தொறக்கும்," என்றார் கடைக்காரர். "நேத்து ஒருத்தர் வந்தார். பிரிண்ட் வேணாம், பார்த்தா போதும்னார். கடைக்குள்ளயும் சிவப்பு ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல..."

இருவரும் திரும்பினார்கள்.

வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தான் கொழுந்தன். தலையில் இன்னும் அதே சிவப்பு ஹெல்மெட்!

கடைக்காரர் முந்திக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.

"கிடங்குல எனக்குப் பங்கே இல்லன்னுட்டார் அண்ணி..." என்று முணுமுணுத்தான் அவன். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"போலீஸ் வர்ற வரைக்கும் உக்காருங்க தம்பி. நீங்க கேட்ட மாதிரி முழுசா பிரிண்ட் போட்டுத் தர்றேன்... இனிமே உங்களுக்குப் படிக்க நேரத்துக்குப் பஞ்சமே இருக்காது!"