சரவெடிக்குப் பழக்கிய குதிரை

சரவெடி ஓய்ந்து, கந்தகப் புகை வேப்பமரத்தடியில் சுருண்டு கிடந்த அந்தச் சாயங்கால வேளையில், குதிரை காதைக்கூட ஆட்டாமல் நின்றதைப் பார்த்ததும் ராஜபாண்டியனுக்கு வந்தது பெருமைதான்.

அவனுக்கு ஆமத்தூரில் தோப்பு வீடு, எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி. கோயில் பங்குனிப் பொங்கல் ஊர்வலத்தில் வெடிக்கு நடுவே மகள் வெள்ளைக் குதிரையில் வர வேண்டுமென்று இந்தத் துரைக்கு ஆசை. எல்லாம் இருந்து என்ன? ஒன்பது வயது ரோஷினி சின்ன பிஜிலி வெடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிவாள். வெடிக் கம்பெனிக்காரன் பெத்த பிள்ளையா இது என்று சொந்தக்காரர்கள் எதிரிலேயே காறித் துப்புவான். வாங்கிவந்த குதிரையும் அதே லட்சணம், ஒரு சத்தத்துக்கே மிரண்டு முளையைப் பிடுங்கியது.

இரண்டு கோழைகளையும் ஒன்றாகவே பழக்குகிறேன் என்று மகளைச் சேணத்தில் ஏற்றி, குதிரையை மரத்தோடு கட்டி, தினமும் காலடியில் சரத்தைக் கொளுத்தினான். தடவிக் கொடுத்து மெல்லத்தான் பழக்கணும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். மனைவி பிரீத்திகா அழுதாள். கூறுகெட்டதுகள் என்று இருவரையும் ஒதுக்கிவிட்டான். நாலு வீடியோ பார்த்த மேதைக்கு இதுகள் சொல்லியா தெரியவேண்டும்!

இன்று குதிரை மிரளவில்லை. ரோஷினியும் காதைப் பொத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா? இப்பத்தான் என் மக."

"ஏங்க, அவ மூஞ்சியப் பாருங்க. இறக்கிவிடுங்க," என்றாள் பிரீத்திகா.

அவன் ஏளனமாய்ச் சிரித்துவிட்டு, ஒரு சுற்று நடத்தலாமென்று சேணத்தின் வயிற்று வாரை இழுத்தான். வாரை இழுத்தால் குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பும். சற்றுப் பொறுத்தால் மூச்சை விடும், அப்போது இன்னொரு துளை இறுக்க வேண்டும். இது அவனுக்கும் தெரியும். வயிறு உப்பியது. காத்திருந்தான். சிதறிய காகிதம் கருகும் வாசனை, ஓலை உரசும் சத்தம், கிணற்று மோட்டாரின் முனகல்.

குதிரை மூச்சை விடவில்லை.

இன்னும் விடவில்லை.

மூக்கருகே கையை வைத்தான். காற்றே இல்லை. விலாவில் காதை வைத்தான். துடிப்பு இல்லை. ஆனாலும் நின்றது.

"ரோஷினி, இறங்கு."

அவள் காலைப் பிடித்து இழுத்தான். சில்லென்றிருந்தது. வரவில்லை.

"தாயி... பயந்தா பயந்துட்டுப் போ. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன். அழுதுரு தாயி."

அப்போது தாயில்பட்டிப் பக்கம் எங்கோ ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. தரை அதிர்ந்தது. காக்கைகள் கத்திக்கொண்டு எழும்பின. ராஜபாண்டியன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் குந்திவிட்டான்.

மெல்ல நிமிர்ந்தான்.

இருவரும் அப்படியே. குதிரையின் திறந்த கண்மேல் ஊர்ந்துகொண்டிருந்த ஈ ஒன்று, பறந்து போய் ரோஷினியின் கருவிழிமேல் உட்கார்ந்தது.

அவள் இமைக்கவில்லை.