கருங்கொம்புக்குக் கரண்ட் இல்லை

மாட்டுப் பண்ணைகள் நிறைந்த கான்சி வட்டாரத்தில் மாடு காணாமல் போனால், குளம்படியைப் பார்த்தே திருடனைச் சொல்லிவிடுவார் மொதீபி. போலீஸ் வேலையை அவர் விட்ட பிறகும் ஊர் அவரை விடவில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் வாசலில் வந்து நின்றவனுக்கு மாடு ஏதும் காணாமல் போகவில்லை. கொளுத்தும் வெயிலில் தலை முதல் கால் வரை கறுப்புத் தோல் உடுத்தி, மார்பில் சங்கிலி குலுங்க நின்றான். மொதீபியின் மைத்துனன் லெசெகோ அவனைக் கண்டதும் பரபரப்பாக எழுந்துவிட்டான்.

"அத்தான், இவர்தான் ஒதெங். கருங்கொம்பு ராக் பேண்டுக்கே தலைவரு. இன்னைக்கு நம்ம ஊர் மன்றத்துல கச்சேரி."

"நடந்தாத்தானே," என்றான் ஒதெங். "ஐயா, சவுண்ட் மிக்ஸருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியைக் காணோம். அது இல்லேன்னா மைக், கிதார் எதுலயும் சத்தம் வராது. அத வெச்சிருந்த டிரங்கு பூட்டினபடியே இருக்கு. சாவி எங்க பேஸ் கிதார்க்காரி பொனோலோகிட்ட. அவள வேற பேண்டு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. அதனால சுத்தியிருக்கிறவங்க அவதான் எடுத்தாங்கிறாங்க, இன்னைக்கே வண்டிய விட்டு இறக்கிவிடச் சொல்றாங்க. திருடின்னு பேர் வந்துட்டா இந்த நாட்டுல எந்த மேடையும் அவள ஏத்தாது."

மொதீபி தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். வழியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"கச்சேரி அன்னைக்கு நீங்கள்லாம் என்ன செய்வீங்க?"

ஒதெங்குக்கு இது வீண் கேள்வியாகப் பட்டது. ஆனாலும் சொன்னான். "நான் மேடையையும் ஒயரையும் பார்ப்பேன். டிரம்ஸ் அடிக்கிற தாவு பழைய டயர்ல தட்டிக் கை பழக்குவான். பொனோலோ கிதார்ல பழைய கம்பியக் கழட்டிட்டுப் புதுசு போடுவா. பாடுற ரப்புலா ஊமையாயிடுவான். இஞ்சி போட்ட வெந்நீர் மட்டும்தான். நான் டீயில பால் ஊத்தினாக்கூட எழுந்து போயிடுவான். பால் தொண்டையில கட்டுமாம்."

மன்றத்துக்கு வெளியே தாவு டயரை வெளுத்துக்கொண்டிருந்தான். வேன் நிழலில் ரப்புலா ஊர்ப் பையன்களோடு கதையடித்துக்கொண்டிருந்தான். கான்சி அவன் பிறந்த ஊர். "வாங்க மாமா, இங்க கொம்பு மட்டும்தான் இருக்கு, மாட்டைக் காணோம்," என்று கரகரத்த குரலில் கேலி பேசினான்.

படியில் பொனோலோ மடியில் கிதாரோடு உட்கார்ந்திருந்தாள். காலடியில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகள் மின்னின. அழுதிருந்தாள்.

"எப்பம்மா கம்பி மாத்தினே?"

"காலையில வந்ததுமே. புதுக் கம்பிய நாள் பூரா இழுத்து இழுத்து விட்டாத்தான் ராத்திரி சுருதி நிக்கும்."

"சாவி?"

"ஜாக்கெட் பையில. ஜாக்கெட் அதோ நாற்காலியில. இந்த வெயில்ல தோலப் போர்த்திக்கிட்டு யாரால உட்கார முடியும்?"

லெசெகோ காதில் கிசுகிசுத்தான். "சாவி இவகிட்ட, வேற பேண்டும் கூப்பிடுது. இதுக்கு மேல என்ன அத்தான்?"

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா? வா, எனக்குப் பசிக்குது."

பின்கட்டில் சமையல் செய்த அம்மாள் கையை விரித்தாள். "இடிச்ச இறைச்சி இருக்குங்க. கூழுக்குப் புளிச்ச பால்தான் இல்ல. நம்ம ரப்புலா ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டான். இவங்க வேன்லேருந்து சாமான் இறக்கறதுக்கு முன்னாடியே வந்து கேட்டு வாங்கினான்."

மொதீபி இறைச்சியை நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு நால்வரையும் மன்றத்துக்குள் கூப்பிட்டார்.

"பூட்டு சங்கதியை விடுங்க. ஜாக்கெட் நாற்காலியில கிடந்தா சாவி எல்லாருக்கும் சொந்தம். மேடை ஏறப் போறவன் பண்ற வேலை வேற, ஏறப் போறதில்லேன்னு தெரிஞ்சவன் பண்ற வேலை வேற. பெட்டி காணாமப் போனது எப்பத் தெரிஞ்சுது?"

"சாமான் இறக்கறப்போ," என்றான் ஒதெங்.

"அதுக்கு முன்னாடியே பொனோலோ கம்பி மாத்திட்டா. கச்சேரியக் கெடுக்க நினைக்கிறவ விரல் நோகப் புதுக் கம்பி பூட்டுவாளா? அதே நேரத்துல ஒருத்தன் பின்கட்டுல போய்ப் பால் குடிச்சிருக்கான், டீயில பாலப் பார்த்தாலே எழுந்து போறவன். பெட்டி இருக்குன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தப்போ, இன்னைக்குப் பாட வேண்டியதில்லேன்னு அவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது, ரப்புலா?"

ரப்புலா தரையைப் பார்த்தான். "பெட்டி என் சுருட்டி வெச்ச படுக்கைக்குள்ள இருக்கு," என்றான். "தொண்டை போச்சு மாமா. ஆறு மாசம் கத்தக் கூடாதுன்னாரு டாக்டர். எங்கம்மா வராங்க, பண்ணை ஆளுங்க அத்தனை பேரும் வராங்க. அவங்க முன்னாடி எப்படி..."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றான் ஒதெங்.

"உனக்குக் குரல்தான் போச்சு," என்றாள் பொனோலோ. "எனக்குப் பேரே போயிருக்கும். நீ வாய மூடிக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தே. பெட்டி கிடைச்சா போதாது. நான் திருடின்னு ஊர் பூரா பேசியாச்சு. நீ மைக்குல சொல்லணும்."

"எங்கம்மா முன்னாடியா?"

"எல்லார் முன்னாடியும்."

அன்று மாலை மன்றம் நிரம்பி வழிந்தது. விளக்கு எரிந்ததும் ரப்புலா தனியே மைக் முன் வந்தான். முன் வரிசையில் அவன் தாய் பெருமையாகக் கை தட்டினாள். கிழிந்த துணி போன்ற குரலில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். தட்டிய கை பாதியில் நின்றது. லெசெகோவுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பொனோலோவைச் சந்தேகப்பட்ட வெட்கமும் சேர்ந்துகொண்டது.

"பெட்டிய எடுத்தது நான்," என்று முடித்தான் ரப்புலா. "பொனோலோ இல்ல."

அவன் இறங்கிப் போக வழிவிட்டு, அவனை ஏறிட்டும் பாராமல் பொனோலோ மேடையின் நடுவுக்கு வந்தாள். பாட ஆளில்லாத முதல் பாட்டை அவள் கிதாரில் தொடங்கினாள்.