கூட உட்கார வந்தவள்

மணி ஒலித்தது. எல்லோரும் கண் திறந்தார்கள். முகாமை நடத்துகிற இல்சா என்ற கிழவி, திரையில் தெரிந்த ஒவ்வொருவரின் பெயரையும் மெல்லச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு முறை தலைதாழ்த்திக்கொண்டே வந்தாள். “ஃபெசிவே” என்று சொன்னதும் ஒரு முறை தாழ்த்தினாள். பிறகு பார்வையைக் கொஞ்சம் நகர்த்தி, பெயர் ஏதும் சொல்லாமல் இன்னொரு முறையும் தாழ்த்தினாள்.

வயதானவள், கணக்குத் தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் ஃபெசிவே. மரத்துப்போன காலை நீட்டி விட்டுக்கொண்டாள். கோமானி ஊரில் ஜூலைதான் நடுக்குளிர்காலம், காலை என்றால் சுவருக்கே நடுக்கம் எடுக்கும். தகரக்கூரையில் உறைந்திருந்த பனி வெயில் பட்டு இளகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனைக் கம்பியில் உட்கார்ந்திருந்த ஹடேடா பறவைகள், தம்மைத் திட்டிய யாரையோ திருப்பித் திட்டுவதுபோலக் கத்தின. அறையில் எரிவாயு அடுப்பின் புழுக்கமான வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது, நனைந்த கம்பளியை நெருப்பருகே காயப்போட்டால் வருமே, அது. வீட்டில் எந்தக் கம்பளியும் நனைந்திருக்கவில்லை.

மௌனத் தியான முகாம், வீட்டிலிருந்தபடியே. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை. யாரோடும் பேசக்கூடாது, எதையும் படிக்கக்கூடாது, போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். மைக்குகளை இல்சாவே முடக்கிவிடுவாள். கேமரா மட்டும் திறந்தே இருக்க வேண்டும், தூரதூரமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை என்பதற்காக. திரையில் தன் முகம் தெரிகிற கட்டத்தை மட்டும் ஒவ்வொருவரும் மறைத்துவிட வேண்டும். தன் முகத்தைப் பார்த்தால் மனம் போய் அதிலேயே குந்திக்கொள்ளும் என்பாள் இல்சா. எல்லோருக்கும் எல்லோரும் தெரிவார்கள், தான் மட்டும் தனக்குத் தெரியாது.

ஃபெசிவே சேர்ந்தது ஞானத்துக்காக இல்லை, தூக்கத்துக்காக. கணவன் லுவாண்டிலேயின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு இரண்டு வருடம் அவனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இழுத்தாள். பகலில் மருந்துக்கடை வேலை, இரவில் அவன் இருமல். ஏப்ரலில் அவனைப் புதைத்தார்கள். அதன் பிறகாவது தூக்கம் வரும் என்று பார்த்தால், வந்தது களைப்பு மட்டும்தான். போன வாரம் மகள் அனெலிசா பாலைக் கொட்டிவிட்டாள், வெறும் பால். அதற்கு ஃபெசிவே கத்திய கத்தலில் ஏழு வயதுப் பிள்ளை மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. பிள்ளையின் கண்ணில் அன்று தெரிந்த பயத்தை அவளால் மறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அனெலிசா திரும்பி வரும்போது கதவைத் திறக்கிறவள் பழைய அம்மாவாக இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெள்ளியன்று பிள்ளையைக் கூட்டிப்போக வந்த நொபாண்டு, லுவாண்டிலேயின் அக்கா, வாசலிலேயே நின்று பிடித்துக்கொண்டாள். ஃபெசிவேயை அவள் பிறந்த குலப்பெயரால்தான் அழைப்பாள்.

“ஏன் மாட்லோமோ, புருஷன் செத்தப்ப துக்கம் காக்க மெத்தையில உக்காருன்னு கெஞ்சினோம். வேலை இருக்கு, நேரமில்லைன்னே. இப்ப வெள்ளைக்காரி மணி அடிச்சா மட்டும் உக்கார நேரம் இருக்கோ?”

“இது வேற அக்கா. இது சும்மா ஓய்வு.”

“என்ன வேற? பேசக்கூடாது, வெளிய போகக்கூடாது, கண்ணாடி பாக்கக்கூடாது, கீழ உக்காரணும். துக்கத்துக்கும் இதானே? நாங்க காசு வாங்காம சொன்னோம், அதான் இளப்பமாப் போச்சு.” பிறகு குரலைத் தணித்தாள். “சரி, உக்காரு. ஆனா தனியா உக்காராதே. நானும் வந்து ஒரு ஓரமா உக்கார்றேன். வாயே திறக்க மாட்டேன்.”

நொபாண்டு வாயே திறக்காமல் இருப்பதா! ஃபெசிவேக்குச் சிரிப்பே வந்துவிட்டது. துக்கத்தில் உட்கார்ந்தவளைத் தனியே விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஊரில் எந்தப் பெண்ணும் உள்ளே வந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். யார், எவர் என்று கேட்பது மரியாதையில்லை, நகர்ந்து இடம் விட வேண்டும். ஆனால் இரண்டு வருடமாக அவளைச் சுற்றி ஆட்கள்தான், ஆட்கள், ஆட்கள். யாரும் வேண்டாம் என்று கதவைச் சாத்தினாள். முன்னறையில் லேப்டாப்புக்கு முன்னால் ஒரு திண்டு போட்டாள். படுத்தபடி செய்யும் தியானத்துக்கு வேண்டுமே என்று பின்சுவரோரம் ஒரு மெத்தையையும் விரித்தாள்.

சனிக்கிழமை மதியத்துக்கு முன் ஒவ்வொருவராக இல்சாவிடம் தனியே பேசலாம். ஃபெசிவே தன் முதுகுவலியைச் சொன்னாள், தூக்கம் வராததைச் சொன்னாள். கிழவி பொறுமையாகக் கேட்டாள்.

“தூக்கம் தானா வரும்மா. அதைத் துரத்தாதீங்க. அப்புறம், உங்க கூட உக்கார்றாங்களே, அவங்க கிட்ட இடுப்புக்கு ஒரு தலகாணி வெச்சுக்கச் சொல்லுங்க. குளிர்ல ஒரேயடியா விறைச்சுப்போய் உக்காந்திருக்காங்க.”

“என் கூடவா? யாரு?”

“பின்னால, மெத்தையில. உங்க அக்காவா இருக்கும்னு நினைச்சேன். பேர் குடுக்கலைன்னா பரவாயில்லை. நல்லா உக்கார்றாங்க.”

ஃபெசிவே திரும்பிப் பார்த்தாள். மெத்தை காலியாக இருந்தது. அதன் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, அவள் அதில் இன்னும் படுத்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சு மெல்ல மெல்ல எழும்பிச் சமமானது.

ஓர் அழுத்து அழுத்தினால் போதும், தன் கட்டம் திரையில் வந்துவிடும். விரல் அதன்மேல் போய் நின்றது. பார்த்தால் என்ன செய்வது? பார்த்துவிட்டால் அதற்குமேல் ஏதாவது செய்தாக வேண்டும். அலமாரியைத் திறந்து போனை எடுக்க வேண்டும், நொபாண்டுவின் பேச்சைக் கேட்க வேண்டும், காரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. கையை எடுத்துவிட்டுப் போய்ச் சோளமும் பயறும் வேகவைத்த பானையைச் சுண்டுவிரல் நகம் உடையுமளவுக்குத் தேய்த்துக் கழுவினாள். அதுவும் தியானம்தான் என்று இல்சா சொல்லியிருந்தாள்.

பிற்பகல் அமர்வில் அவளுக்குக் கேட்டது. முதலில் முழங்கால் சொடுக்கும் ஒலி, கனத்த உடம்புக்காரி ஒருத்தி தரையில் உட்காரும்போது வருமே, அதுபோல. பிறகு கம்பளி உரசும் ஒலி. பிறகு மூச்சு. ஃபெசிவே மூச்சை இழுத்தபோது அது விட்டது, அவள் விட்டபோது அது இழுத்தது, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் அறை முழுக்க ஒரே மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை லேசாகத் திறந்தாள். திரையில் எல்லோரும் கண் மூடியிருந்தார்கள், ஓர் இளைஞனைத் தவிர. அவன் கண்கள் அகலத் திறந்து, ஃபெசிவேயின் கட்டம் அவன் திரையில் எங்கே இருக்குமோ அங்கே நிலைகுத்தியிருந்தன. அவன் வாய் அசைந்தது. மைக் முடக்கத்தில் இருந்தது. மறுபடி அசைந்தது, பெரிதாக, கத்துவதுபோல. பிறகு அவன் கட்டம் இருண்டுபோனது.

அவள் மூச்சு மாறவில்லை. பின்னாலிருந்த மூச்சும் மாறவில்லை.

அந்த அமர்வு முடிந்து இடைவேளை விட்டதும் ஒரு நிமிடம் முதுகைச் சாய்க்கலாம் என்று மெத்தைக்குப் போனாள். பயந்துகொண்டேதான் போனாள். ஆனால் மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது, கணப்பில் காட்டியெடுத்ததுபோல. கண் சொருகிவிட்டது.

மணியோசை கேட்டுத்தான் விழித்தாள். ஒரு முழு அமர்வு முடிந்திருந்தது. காலி இடத்தைக் கேமராவில் காட்டிவிட்டோமே என்று பதறித் திண்டுக்கு ஓடினாள். திரையில் இல்சா சிரித்த முகமாக இருந்தாள். “இன்னைக்கு ஃபெசிவே உக்காந்த மாதிரி எல்லாரும் உக்காருங்க. ஒரு அசைவு இல்லை.”

திண்டு சூடாக இருந்தது.

ஓட வேண்டிய நேரம் அதுதான். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஃபெசிவே திண்டின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்து யோசித்தாள். தலை எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தெளிவாக இருந்தது. கண்ணெரிச்சல் இல்லை. அனெலிசாவை நினைத்தாள், எரிச்சல் இல்லாமல் நினைக்க முடிந்தது. இன்னும் கொஞ்சம் தூங்கினால் போதும். எனக்காக ஒருத்தி உட்கார்கிறாள், அதில் என்ன கெட்டுவிடும்? இத்தனை நாள் நான் அடுத்தவருக்காக உட்கார்ந்திருக்கவில்லையா?

ஞாயிறு காலை அமர்வுக்கு மணி அடிக்கப்போகும் நேரத்தில், அவளே எழுந்து மெத்தைக்குப் போனாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். யார், எவர் என்று கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் முழங்கால் சொடுக்கியது. கம்பளி உரசியது. காலடிகள் திண்டை நோக்கிப் போயின. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவளுக்கு நன்றியாக இருந்தது, அழுகை வருமளவுக்கு நன்றியாக இருந்தது.

கனவே இல்லாத தூக்கம் அது.

விழித்தபோது சன்னலில் வெயில் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. அவள் மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. தலையிலிருந்து கால்வரை கனத்த போர்வை. நனைந்த கம்பளியின் வாடை. திரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மைக்குகள் திறந்திருந்தன, மௌனம் முடிந்துவிட்டது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். பிறகு ஃபெசிவே பேசினாள்.

அவள் உதடு அசையவில்லை.

“எல்லாருக்கும் நன்றி,” என்றது திண்டிலிருந்து அவளுடைய குரல். “என் புருஷன் போனதுக்கப்புறம் இப்பத்தான் நல்லா மூச்சு விடுறேன். சாயங்காலம் என் பொண்ணு வர்றா. அவளைக் கட்டிப்பிடிச்சுக்கணும்.”

இல்லை என்று கத்தினாள். ஒலி வரவில்லை. எழுந்தாள். எழவில்லை. உடம்பு அவளுடையதாக இல்லை, மெத்தையோடு மெத்தையாகக் கனத்துக் கிடந்தது. மூச்சு மட்டும் ஓடியது. திண்டில் இருந்தவள் விட்டால் இவளுக்கு இழுத்தது. அவள் இழுத்தால் இவளுக்கு விட்டது.

லேப்டாப்பை மூடினாள் அவள். எழுந்தாள். முதுகு மட்டுமே தெரிந்தது. ஃபெசிவேயின் நீலக் கம்பளிச்சட்டை. ஃபெசிவேயின் நடை. சமையலறையில் தண்ணீர் ஓடியது. கெட்டில் கொதித்தது. பாத்திரம் எடுத்து வைக்கும் ஒலி, கோபமே இல்லாத ஒலி.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

“அம்மா!” அனெலிசாவின் ஓட்டம். கதவு திறந்தது. தூக்கிச் சுற்றும்போது பிள்ளை கீச்சிட்டுச் சிரித்தது. அப்படி அது சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

“அடேயப்பா, முகமே தெளிஞ்சுபோச்சே மாட்லோமோ!” என்றாள் நொபாண்டு. “அந்த வெள்ளைக்காரிக்கு ஒரு ஆட்டையே குடுக்கலாம் போலிருக்கே.” முன்னறை வாசலுக்கு வந்தவள் மெத்தையைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பார்வையைத் தாழ்த்தினாள். “கூட உக்கார ஆள் வந்திருக்காங்களே. நல்லது, ரொம்ப நல்லது. நான் தொந்தரவு பண்ணலை, கிளம்புறேன்.”

அக்கா. அக்கா, என்னைப் பாரு. அக்கா.

நொபாண்டு பார்க்கவில்லை. வளர்ப்பு அப்படி. கார் கிளம்பிப் போகும் ஒலி கேட்டது.

பிறகு அனெலிசா வந்தாள். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, தேநீர் சிந்தாமல், நாக்கின் நுனியைக் கடித்தபடி, அடிமேல் அடி வைத்து வந்தாள். புதிதாக ஒரு பல் விழுந்திருந்தது. மெத்தைக்கு முன்னால் மண்டியிட்டாள். பெரியவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று ஃபெசிவேதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிள்ளை தரையைப் பார்த்தபடியே தட்டை நீட்டியது.

“குடிங்க பெரியம்மா. பால் போட்டது. நான் சிந்தவே இல்லை.”

கை நீளவில்லை. பிள்ளை காத்திருந்தது. கை வலித்ததும் தட்டைக் கீழே வைத்தது. அப்போது ஒரே ஒரு நொடி, திருட்டுத்தனமாக, போர்வையின் விளிம்புக்குள் எட்டிப் பார்த்தது. ஃபெசிவே தன்னிடம் இருந்ததையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்தாள். கண்ணே. நான்தான். கண்ணே.

அனெலிசா பின்னால் நகர்ந்தாள். எழுந்தாள். வாசலில் நின்றவளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அவங்க அழறாங்க.”

ஃபெசிவேயின் கை, நகம் உடைந்த சுண்டுவிரலோடு, பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தது.

“அழட்டும்டா தங்கம். அதுக்குத்தானே வந்து உக்காந்திருக்காங்க.”

பிறகு முன்னறைக் கதவை, உள்ளே இருப்பவருக்கு இடைஞ்சல் இல்லாதபடி, மெல்லச் சாத்தினாள்.