கும்பிட்டபடி மிதந்தவர்

பிணம் மிதந்தது!

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை. மல்லாந்து மிதந்த அந்தப் பிணம் இரண்டு கைகளையும் கூப்பி வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது.

செத்த பிறகும் என்ன ஒரு மரியாதை!

"ஐயய்யோ... டேய் வெற்றி! ஓடி வாடா!"

அலறியவர் தட்சிணாமூர்த்தி. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் இயங்கும் 'மயில் மல்டிமீடியா'வின் முதலாளி. கம்பெனியில் மொத்தம் நாலு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஏசி. அந்த ஏசியும் அவர் அறையில்தான்.

வெற்றிவேல் டீ கிளாஸோடு ஓடி வந்தான். முதலாளியின் மானிட்டரைப் பார்த்தான்.



பிணம் மானிட்டருக்குள் இருந்தது. 'துரைராஜ் புரொமோட்டர்ஸ்' என்ற வெப்சைட்டின் உச்சியில்... வெற்றிவேல் ஆசை ஆசையாகச் செய்த ஃப்ளாஷ் பேனரில், அந்த அசையும் விளம்பரப் படத்தில்!

அவன் செய்தது இப்படி இல்லை. மவுஸை கேட் மேல் வைத்தால் கேட் திறக்கும். உள்ளே குட்டிக் குட்டி வீடுகள் முளைக்கும். நடுவில் மனைப்பிரிவு முதலாளி துரைராஜ் நின்று கும்பிடுவார். 'என் மூஞ்சி இல்லாத விளம்பரம் இன்னா விளம்பரம்?' என்று அவரே அடம்பிடித்து நுழைத்த கும்பிடு அது.

இப்போது மவுஸை வைத்தால் கேட் திறக்கிறது. தண்ணீர் பாய்கிறது. வீடுகள் மூழ்குகின்றன. துரைராஜ் சாய்ந்து... மிதக்கிறார்!

"யாருடா பண்ணது?"

"சத்தியமா நான் இல்ல சார்!"

"பேனர் செஞ்சது நீ. பின்ன எங்க தாத்தாவா வந்து மாத்துவாரு?"

டெலிபோன் அலறியது. எடுத்த தட்சிணாமூர்த்தி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அப்படியும் துரைராஜின் குரல் தெருவரை கேட்டது.

"இன்னாய்யா பேஜார் இது! ஊரே போன் போட்டு துக்கம் விசாரிக்குது! இன்ஸ்பெக்டரோட வந்துகினு கீறேன்... எவனும் எடத்த வுட்டு நவுரக் கூடாது!"

ரிசீவரை வைத்த தட்சிணாமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"வெற்றி... நீ செஞ்சது இல்லன்னு சாயங்காலத்துக்குள்ள நிரூபி. இல்லன்னா நாளைலேர்ந்து வராத."

வெற்றிவேலுக்கு வேலை போனால் போகட்டும் என்று சொல்ல முடியாத நிலைமை. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கும் பல்லாவரம் அஞ்சலிக்கும் நிச்சயதார்த்தம்! வருங்கால மாமனார் போட்ட ஒரே கண்டிஷன், மாப்பிள்ளை நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். இதில் போலீஸ் ஜீப் வேறு சேர்ந்தால் அவர் பெண்ணையும் கொடுக்க மாட்டார், போட்ட காபியையும் திருப்பிக் கேட்பார்.

ஜீப் வந்தது!

முதலில் இன்ஸ்பெக்டர் சவுரிமுத்துவின் மீசை உள்ளே நுழைந்தது. பின்னால் சவுரிமுத்து. அதற்கும் பின்னால், நல்ல உயிரோடு, துரைராஜ். பரம்பரையாக நெல் விதைத்த குடும்பம். இப்போது மஞ்சள் கல் நட்டு மனை விற்கிறார்.

"துரைராஜ் எனக்கு ரொம்ப வேண்டியவர்," என்றார் சவுரிமுத்து. "இது கொலை மிரட்டல். தம்பி, உண்மையச் சொல்லிடு. எவன் குடுத்த காசு?"

"சார்... நான் பண்ணியிருந்தா இவ்ளோ கேவலமாவா பண்ணுவேன்?"

"என்னது?"

"நல்லா பாருங்க சார். தண்ணில மிதக்கிற ஆளு கும்பிடுவாரா? கை தனியா, கால் தனியா பிரிச்சு அசைய விடணும். இது நான் வரைஞ்ச பொம்மைய அப்படியே படுக்க வச்சிருக்கு. கையப் பிரிக்கத் தெரியாத யாரோ பண்ண வேலை!"

"யோவ்!" துரைராஜ் பொங்கினார். "நான் செத்ததுகூட இவனுக்குப் பெருசில்ல சார்... ஒயுங்கா சாவலன்னு கொற சொல்றான்!"

சவுரிமுத்து மானிட்டரில் மீசை உரசும் அளவுக்குக் குனிந்தார்.

"இதென்ன ஓரத்துல? ரத்தமா?"

பேனரின் இடது ஓரத்தில், தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில்... ஒரு சிவப்புப் புள்ளி!

வெற்றிவேல் அந்தப் புள்ளியை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

அது ரத்தம் இல்லை. அது அவனுடைய பாடம்!

சனிக்கிழமைகளில் பல்லாவரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவன் ஃப்ளாஷ் சொல்லிக்கொடுக்கிறான். முதல் பயிற்சியே குடத்தில் தண்ணீர் ரொப்புவது. 'தண்ணி எதுவரைக்கும் ஏறணுமோ அங்க ஓரமா ஒரு செவப்புப் புள்ளி வைங்க. வேலை முடிஞ்சதும் மறக்காம அழிங்க.' எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அவனே கண்டுபிடித்த வழி.

அப்படியானால் செய்தது அவன் மாணவர்களில் ஒருவர். சொன்னால் 'நீதான் ஆள் வச்சு செஞ்சியா' என்று உள்ளே தள்ளுவார்கள். சொல்லாவிட்டால் வேலை போகும். இரண்டு பக்கமும் இடி வாங்க மத்தளம் ரெடி!

"சார்," மெல்ல ஆரம்பித்தான். "ஒரிஜினல் ஃபைல் இல்லாம இதை மாத்தவே முடியாது. அது ரெண்டே எடத்துலதான் இருக்கு. ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டர். இன்னொண்ணு, இவரு வெப்சைட் பாஸ்வேர்டோட கேட்டு வாங்கிட்டுப் போன சிடி."

"அத்த எவன் தொடுவான்?" துரைராஜ் சீறினார். "எங்க வூட்டு பூஜை ரூம்ல கீது! மஞ்சா குங்குமம் வச்சி டெய்லி கற்பூரம் காட்டிகினு கீறோம்!"

"கம்ப்யூட்டர் சிடிக்கா?" தட்சிணாமூர்த்தி வாயைப் பிளந்தார்.

"மனைப் பத்திரத்துக்கு வெக்கிறோம்ல? அந்த மாதிரிதான்!"

சவுரிமுத்து தொப்பியை மாட்டினார்.

"தம்பி, துரைராஜ், ரெண்டு பேரும் ஏறுங்க ஜீப்புல. அந்த சிடிய நான் பாக்கணும்."

கோவிலம்பாக்கம். மாடி வீடு, கிரானைட் வாசல், உள்ளே கற்பூர வாசனை.

பூஜை அறையில், முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் சிடி சாய்ந்து நின்றது. மஞ்சள் இருந்தது. குங்குமம் இருந்தது. ஆனால் நேற்றைய குங்குமத்தின் மேல் யாருடைய கட்டைவிரலோ நன்றாகத் தேய்த்திருந்தது!

"கிளீ! காபி எடுத்தா!" என்று கத்தினார் துரைராஜ்.

காபித் தட்டோடு ஒரு பெண்மணி வந்தார். மூக்குத்தி, சின்னாளப்பட்டுச் சேலை, காதில் பேனா செருகியதுபோல் ஒரு ஹேர்பின்.

வெற்றிவேல் உறைந்தான்.

சனிக்கிழமை வகுப்பின் முதல் பெஞ்ச்! சந்தேகம் கேட்டே அவனைக் கொல்லும் கிளியம்மாள் அக்கா! இவர் துரைராஜின் மனைவியா?

அந்த அம்மாளின் கண்கள் அவனைப் பார்த்தன. தட்டு கொஞ்சம்கூட ஆடவில்லை.

காட்டிக் கொடுப்பதா? முதல் மதிப்பெண் வாங்கும் மாணவியை? அஞ்சலியின் முகம் நினைவில் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சனிக்கிழமைக் குரலில் பொதுவாகக் கேட்டான்.

"தண்ணி மட்டத்துக்குப் புள்ளி வச்சோம்... வேலை முடிஞ்சதும் என்ன பண்ணணும்?"

"அழிக்கணும் மாஸ்டர்!"

பட்டென்று வந்தது பதில். வந்த பிறகுதான் கிளியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சவுரிமுத்துவின் காபி பாதி வழியில் நின்றது.

"கிளீ... நீயா? என்னைச் சாவடிச்சது நீயா?" துரைராஜின் குரல் கீச்சிட்டது. "நீ கோயிலுக்குப் போறேன்னுதானே சனிக்கெயம சனிக்கெயம போன!"

"ஆமா, நான்தான்!" தட்டை 'டங்'கென்று வைத்தார் கிளியம்மாள். "நீ கம்ப்யூட்டர்ல இன்னா பூச்சி காட்டுறன்னு தெரிஞ்சிக்கத்தான் படிச்சேன். போன வருஷ மழைக்கு நீ விக்கிற மனைல இடுப்பளவு தண்ணி நின்னுச்சா இல்லியா? வாணாம்யா, அது ஏரி, வித்துறாதன்னு எத்தினி தபா சொன்னேன்? காதுல ஏறல. அதான் உன் பேனர்லயே சொன்னேன்!"

"ஏய், வாய மூடு..."

"எதுக்கு மூடணும்? மொத மொத மனை வாங்கினது யாரு? எங்கக்கா மவ! கைக்கொயந்தைய வச்சிகினு அங்க வூடு கட்டப் போறா. மழை வந்தா அந்தப் புள்ளைய யாரு தூக்கினு ஓடுவா? நீயா?"

சொல்லும்போதே அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. வெற்றிவேலுக்கும் என்னவோ செய்தது. அந்தக் கேட்டைத் தங்க நிறத்தில் மினுக்கியவன் அவன்தானே!

துரைராஜ் அவசரமாக இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி இளித்தார்.

"குடும்ப சண்ட சார். கேஸ் வாணாம். நீங்க போலாம்."

சவுரிமுத்து நகரவில்லை. மீசை மட்டும் துடித்தது.

"துரைராஜ்... என் சம்சாரம் பேர்ல கார்னர் மனை ஒண்ணு குடுத்தீங்களே. 'உங்களுக்காகவே எடுத்து வச்சேன்'னு சொல்லி..."

"கார்னரா?" கிளியம்மாள் மூக்கைச் சிந்தியபடி முந்திக்கொண்டார். "அதான் சார் ஏரிக்கு நடு சென்டரு!"

ஆகாயம் இடிந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. காபி டம்ளர் கீழே வைக்கப்பட்ட சத்தம்தான் கேட்டது.

சவுரிமுத்து செல்போனை எடுத்தார்.

"மயில் மல்டிமீடியாவா? உங்க பையன் மேல தப்பில்ல."

"எனக்கு அப்பவே தெரியும் சார்!" மறுமுனையில் தட்சிணாமூர்த்தி குழைந்தார். "வெற்றி எங்க கம்பெனிக்குத் தூண் மாதிரி!"

வெற்றிவேல் மூச்சு விட்டான். வெள்ளிக்கிழமை பிழைத்தது.

"ஜீப்புல ஏறுங்க," என்றார் சவுரிமுத்து.

"தோ, வந்துட்டேன் சார்!" என்றான் வெற்றிவேல்.

"உன்னை இல்ல தம்பி. இவரை! கொலை மிரட்டல் கேஸ் க்ளோஸ். ஏரிய வித்த கேஸ் ஓப்பன்!"

துரைராஜ் தடாலென்று இன்ஸ்பெக்டர் காலடியில் சரிந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை. இரண்டு கைகளையும் கூப்பியபடி.

"சார்... சார்... வுட்ருங்க சார்!"

கிளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிவேலைப் பார்த்தார்.

"பாத்தியா மாஸ்டர்... கையப் பிரிக்க வராம வுட்டது தப்பே இல்ல. அச்சு அசல் அப்டியேதான் கீது!"