முதல் குரலுக்கே

ஆட்டைத் தேடிப் போன பாண்டுரங்கன் இன்னும் வரவில்லை. ஆடு மட்டும் தானாக வந்து, புனிதா வேர்க்கடலைக்காகப் பிடுங்கிப் போட்டிருந்த மல்லாட்டைச் செடியை மேய்ந்துகொண்டிருந்தது.

உச்சி வெயில். திருவக்கரை சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. கொல்லையை ஒட்டிய முந்திரித் தோப்பிலிருந்து காய்ந்த சருகின் வாடையும், விழுந்து அழுகிய பழங்களின் புளிப்பும், காற்றே இல்லாதபோதும் வந்துகொண்டிருந்தன. அதற்குள்ளிருந்துதான் அவள் கணவன் பாண்டுரங்கனின் குரல் கேட்டது.

"புனிதா..."

ஒரே ஒரு தடவை.

பக்கத்துக் கொல்லைக் குப்பம்மாள் கையில் பிடித்த செடியோடு நின்றுவிட்டாள். "வாயத் தொறக்காதடி. மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசன்."

புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் இதே தோப்பில் அவள் தம்பி செல்வகுமாரைப் பாம்பு கடித்தது. இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். காதில் வாங்கிய சனம் மூன்றாவது குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. மூன்றாவது தடவை கூப்பிட அவனுக்கு மூச்சில்லை. பேயாம், காட்டேரியாம்! இந்தக் கதையைச் சொன்ன வாயையெல்லாம் கிழிக்க வேண்டும் என்று அன்றைக்கு நடுத்தெருவில் நின்று கத்தினாள். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதில் சொல்வாள். மகள் ஆர்த்தியையும் அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

"உன் கதைய நீயே வெச்சிக்க. ஆர்த்தி, இங்கியே இரு. அப்பாவ இட்டுக்கினு வர்றேன்." தோப்பைப் பார்த்துக் கத்தினாள். "தோ வர்றேன்!"

குப்பம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு சாலைப் பக்கம் நடையைக் கட்டினாள்.

குரல் தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு தடவையும் புனிதா விடாமல் பதில் கொடுத்தாள், அந்த ஊர்சனம் முழுக்கக் கேட்கட்டும் என்கிற ஆத்திரத்தோடு. வண்டுகளின் இரைச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. சருகு அவள் காலடியில் மட்டுமே நொறுங்கியது.

ஒரு மரத்தடியில் பாண்டுரங்கன் குந்தியிருந்தான்.

இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம். பேசாதே.

அவனுக்குப் பின்னால், புதருக்கு அப்பால், அவன் குரலே கூப்பிட்டது.

"புனிதா..."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"தோ வர்றேன்!"

அவள் குரல். அதே ஆத்திரம். பக்கத்திலேயே.

அது அவளைக் கடந்தது. கொல்லைப் பக்கம் போனது. தோப்பின் ஓரத்தில் நின்றது.

"ஆர்த்தி..."

புனிதா கத்தினாள். வாய் திறந்தது. மூச்சு மட்டும் வந்தது. பாண்டுரங்கனும் கையை எடுத்துவிட்டுக் கத்தினான். அவனுக்கும் மூச்சுதான்.

"தோ வர்றேம்மா!"

சருகுகள் நொறுங்கின. சின்னக் கால்கள், ஓட்டமாக, அவர்கள் இருந்த இடத்துக்கு இல்லை, தோப்பின் மறுபக்கமாக.